லயத்துல கேட்ட சிரிப்பு – வாசகர் கேள்வி, நாவலாசிரியை பதில்

மலேசியாவுல, சுங்கை சிப்புட்டுல தையல் கடை வெச்சு நடத்திக்கிட்டே ரப்பர் தோட்டத்து வாழ்க்கைய நாவலா எழுதறவங்க இந்த மாசம் உங்க கேள்விகளுக்குப் பதில் சொல்றாங்க. பேசற மாதிரியே எழுதித் தரேன்னாங்க. நாங்களும் கை வைக்காம அப்படியே போட்டிருக்கோம்.

கடையையும் பாத்துக்கிட்டு எழுத எப்படிக்கா நேரம் கிடைக்குது? காலையிலயா, ராத்திரியிலயா? – ஒரு வாசகி, தைப்பிங்

காலையிலதான்மா. நாலரைக்கெல்லாம் முழிப்பு வந்துரும், அலாரம் வெக்கறதே இல்ல. சின்ன வயசுல தோட்டத்துல அந்த நேரத்துக்குத்தான் பெரட்டு மணி, அதான் வேலையாளுங்கள பேர் கூப்பிடற மணி, அடிப்பாங்க, அம்மா அடுப்பு மூட்டுவாங்க, அப்பா வாசல்ல உக்காந்து உளி தீட்டுவாரு, பக்கத்து வீட்டுக் குழந்தைய, பிள்ளைங்கள பாத்துக்கற ஆயாக் கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போகும்போது அது அழும், லயத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே கூரைங்கறதால ஒருத்தர் இருமினா கடைசி வீடு வரைக்கும் கேக்கும். தோட்டத்த விட்டு தாமானுக்கு, அதான் வீடமைப்புப் பகுதிக்கு, வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒடம்பு இன்னும் அந்த மணிக்குத்தான் எழுந்திரிக்குது. மரப்பட்டையச் சீவி வெட்டு முடிச்சு, பால் எடுக்க அம்மா மறுபடி நிரைக்குள்ள, அதான் மர வரிசைக்குள்ள, போற நேரம் இருக்கில்ல, ஒம்பது ஒம்பதரை, அப்ப நானும் நோட்ட மூடிட்டு பசியாறிட்டு கடையத் தொறந்துருவேன். அதுக்கு மேல அளவு எடுக்கறது, ஹூக்கு வெக்கறது, ஜாக்கெட் பிடிக்கலன்னு திரும்பி வர்றவங்களச் சமாதானப்படுத்தறதுன்னு சாயங்காலம் வரைக்கும் ஓடிரும்.

கையாலதான் எழுதறது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வாங்கற கோடு போட்ட நோட்டு. கடையில ஆள் இல்லாதப்ப அத கைப்பேசியில செல்லினம்ங்கற தமிழ்த் தட்டச்சுச் செயலியில தட்டி ஏத்துவேன். செல்லினம் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம நாட்டுக்காரர், 1985லயே கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத முரசு செஞ்சவரு, 2005 பொங்கலுக்கு அத கைப்பேசிக்கும் கொண்டு வந்தாரு. டைப்ரைட்டர் வாங்க வக்கில்லாம இருந்த என்னை மாதிரி ஆளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொன்னா புரியாது, ஒரு நாவல் முழுசையும் ஊசி நூல் டப்பா பக்கத்துல உக்காந்தே அடிச்சு முடிச்சிருக்கேன்.

அம்மா, உங்க நாவல்கள்ல பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வருது. நம்ம மக்கள் பட்ட கஷ்டத்த எழுதறப்ப இவ்வளவு நகைச்சுவை தேவையா? பட்டவங்கள அவமதிக்கற மாதிரி ஆகாதா? – ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஈப்போ

ஐயா, நல்லா கேட்டீங்க, இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்லணும்.

தோட்டத்து ஜனங்க அழுதாங்க. ஆனா எந்நேரமும் அழுதுக்கிட்டே இருந்தாங்கன்னு எழுதினா அது பொய்யி. எங்க பாட்டியோட கதையே எடுத்துக்குங்க. தாத்தாவ ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல ரயில் போட ஏத்திட்டுப் போனாங்க, 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபர்ல போட்டு முடிச்சாங்க, தாத்தா திரும்பி வரல. செத்தாரா, எங்க பொதைச்சாங்க, எந்தத் தேதிக்குத் தெவசம் குடுக்கறது, ஒண்ணும் தெரியாது. கையில ரெண்டு பிள்ளைங்க. அப்புறம் யுத்தம் முடிஞ்சி மூச்சு விடறதுக்குள்ள அவசரகாலம். எங்க ஊர்ப் பேரச் சொன்னா வரலாறு படிச்சவங்க 1948 ஜூன் 16தான் கேப்பாங்க, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்காரத் துரைங்கள சுட்டுப்புட்டாங்க, அதுலதான் அவசரகாலம் ஆரம்பிச்சு 1960 வரைக்கும், பன்னெண்டு வருஷம், இழுத்துச்சு. காட்டுல ஒளிஞ்சிருந்த கம்யூனிஸ்டுங்களுக்கு அரிசி போயிரக்கூடாதுன்னு தோட்டத்தச் சுத்தி முள்வேலி போட்டு, வேலைக்குப் போற பொம்பளைங்கள கேட்டுல நிறுத்திச் சோதனை போடுவாங்க. வாளியக் கவுத்துப் பாப்பாங்க, முந்தானைய அவுத்துக் காட்டச் சொல்லுவாங்க. வெறும் வயித்தோட போயி வெட்டிட்டு வெறும் வயித்தோட வரணும்.

அந்த வரிசையில எங்க பாட்டியோட கூட்டாளி ஒருத்தி, சோதனை போடறவன் அவ வெத்தலப் பையக்கூட விடாம தொழாவறதப் பாத்துட்டு, "சாமி, நேத்து ராத்திரி தின்ன சோறு இன்னும் வயித்துக்குள்ளதான் இருக்கு, அதையும் எடுத்து வெச்சிட்டுப் போகட்டா?"ன்னு கேட்டாளாம். அவனுக்குத் தமிழ் தெரியாது. வரிசையில நின்ன அத்தனை பொம்பளைங்களும் சிரிச்சு, சிரிப்ப அடக்க முடியாம ஒருத்தி வாளியக் கீழ போட்டு, அந்தச் சத்தத்துக்கு அவன் பயந்து துப்பாக்கியத் தூக்கி, அப்புறமும் சிரிச்சாங்களாம். பாட்டி இந்தக் கதைய எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கும். தாத்தாவப் பத்தி மொத்தமா ரெண்டு தடவைதான் பேசுச்சு. ரெண்டையும்தான் நான் எழுதணும், ரெண்டாவத மட்டும் எழுதிட்டு மொத கதைய விட்டா பாட்டி பாதிதான் இருக்கும்.

இன்னொண்ணு, பட்டப்பேரு. தோட்டத்துல பட்டப்பேரு இல்லாதவங்க கிடையாது. ஒரே லயத்துல ஒரே பேருள்ளவங்க நாலு பேரு இருப்பாங்க, செக்ரோல்ல, அதான் வேலையாளுங்க பதிவேட்டுல, அப்பன் பேரச் சேத்து எழுதிருவாங்க, கணக்கு எழுதற கிராணிக்குப் பிரச்சினை இல்ல, வாய்ல கூப்பிடணுமே! பெரட்டுக்கு தெனமும் கடைசியா வர்றவருக்கு "கடைசி கோச்சு"ன்னு பேரு. எதக் கேட்டாலும் நாளைக்குப் பாக்கலாம்னு சொல்ற கங்காணி "நாளைக்கி". எங்கம்மா நடக்கறதுல வேகம், அதனால "மோட்டாரு". அம்மா செத்தன்னைக்கு வந்த ஒரு கெழவி மாரடிச்சு அழும்போதும் "எம் மோட்டாரு நின்னு போச்சே"ன்னுதான் அழுதிச்சு. அங்க இருந்த யாரும் சிரிக்கல ஐயா. ஆனா அது சிரிப்புலருந்து பொறந்த சொல்லுதான். அத எந்த எடத்துல எழுதறது, நகைச்சுவையிலயா சோகத்துலயா? எனக்குத் தெரிஞ்சு அங்க ரெண்டும் ஒரே அடுப்புலதான் வெந்துச்சு.

அதனால அவமதிப்பு ஆகாதான்னு நீங்க கேட்டதுக்கு என் பதில், யாரு யாரப் பாத்துச் சிரிக்கறாங்கறதுலதான் இருக்கு. முள்வேலிக்குள்ள நின்னவ துப்பாக்கி வெச்சிருக்கறவனப் பாத்துச் சிரிச்சா அது தைரியம். பெரிய வீட்டுல உக்காந்து தோட்டத்தாளு பேசற தமிழக் கேலி பண்ணா, டிவி நாடகத்துல நெறைய வருது, பாத்துட்டு வயிறு எரியும் எனக்கு.

உங்க எழுத்துனால யாராவது உங்கமேல கோவிச்சிருக்காங்களா அக்கா? – ஒரு வாசகர், கிள்ளான்

ஒருத்தங்க. மொத நாவல்ல கள்ளுக்கடையிலருந்து வீட்டுக்கு வழி தெரியாம தெனமும் கோயில்ல போயி படுத்துக்கற ஒருத்தர எழுதியிருந்தேன், படிச்சவங்க எல்லாரும் அவரச் சொல்லித்தான் சிரிச்சாங்க. ஒரு நாள் ஜாக்கெட் அளவு குடுக்க வந்த அம்மா, வயசு எழுபது இருக்கும், டேப்ப நான் தோள்ல வெச்சுக்கிட்டு இருக்கும்போதே சொல்லுச்சு, "அது எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கும்மா. நல்லாத்தான் எழுதியிருக்க. அவரு ஏன் குடிச்சாருன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்."

கோவமாக்கூட சொல்லல. நான் அவங்கள நெனச்சு எழுதல, அவரு யாருன்னே எனக்குத் தெரியாது, ஆனா எந்தத் தோட்டத்துலயும் அப்படி ஒருத்தரு இருந்தாரே. அன்னைக்குக் கடைய சாத்திட்டு அவங்களோட உக்காந்து கேட்டேன். பதினாலு வயசுலருந்து பால் வாளிய காண்டாக் கட்டையில தூக்குன தோளு, ராத்திரியில படுத்தா வலி, ரெண்டு போத்தல் கள்ளு உள்ள போனாத்தான் தூக்கம். அவ்வளவுதான். அந்த ஒரு வரி என்கிட்ட இல்லாம இருந்துச்சு. ரெண்டாம் பதிப்புல அத்தியாயத்தையே திருப்பி எழுதினேன். இப்பவும் அவரு கோயில்லதான் படுக்கறாரு, படிக்கறவங்க இப்பவும் சிரிக்கறாங்க, ஆனா அடுத்த பக்கத்துல அந்தத் தோளு வருது.

வணக்கம். நான் முப்பத்தஞ்சு வருஷம் மண்டோரா, அதான் தோட்டத்து மேற்பார்வையாளரா, இருந்தவன். உங்க நாவல்ல ரெண்டு தப்பு. பிப்ரவரி மாசம் பால் ஏந்தற மங்கு வழிய வழிய பாலுன்னு எழுதியிருக்கீங்க. அதோட பட்டையில வெட்டற கோட்ட வலப்பக்கம் மேலருந்து இடப்பக்கம் கீழ போடற மாதிரி எழுதியிருக்கீங்க. கவனிக்கவும். – கூலிம்

அண்ணே, ரெண்டும் தப்புதான், ரொம்ப நன்றி. மத்தவங்களுக்கும் தெரியட்டும்னு சொல்லிடறேன். பிப்ரவரி மார்ச்சு வாக்குல பால் மரம் இலையெல்லாம் உதுத்துட்டு மொட்டையா நிக்கும், அப்புறம் துளிர் விடும், அந்த நேரத்துல பால் கொறஞ்சி போயிரும், வெட்டுக்கூலியும் கூடவே கொறையும், கடைக்காரன்கிட்ட கடன் ஏர்ற மாசம் அது. இது தெரிஞ்சும் கதைக்கு வசதியா இருந்துச்சுன்னு மாசத்தக் கவனிக்காம விட்டேன், அது சரியில்ல.

கோடு விஷயம் எனக்கு உண்மையிலயே மறந்து போச்சு. எடது மேலருந்து வலது கீழதான். பட்டைக்குள்ள பால் குழாய்ங்க நேரா ஏறாது, கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சி ஏறும், அதனால எடது மேலருந்து வலது கீழ சீவினாத்தான் நெறைய குழாய் அறுபட்டு பால் கூட வரும். சீவறதும் மெல்லிசா, ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர்தான், உள்ள மரத்தத் தொட்டுட்டா காயம், காயம் பட்ட எடத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளந்து திருப்பி அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. அம்மா காயம் போட்டு நான் பாத்ததே இல்ல, இருட்டுல நெத்தி வெளக்கு வெளிச்சத்துல, கொசு மொய்க்க மொய்க்க, ஒரு நாளைக்கு நானூறு ஐநூறு மரம். அந்தக் கையப் பத்தி எழுதும்போது கோட்டத் திருப்பிப் போட்டுட்டேனேன்னு உங்க கடிதம் வந்தன்னைக்கு மனசே சரியில்ல. அடுத்த பதிப்புல திருத்திருவேன். இன்னும் எதாவது தட்டுப்பட்டா கண்டிப்பா எழுதுங்க, உங்கள மாதிரி ஆளுங்க இருக்கும்போதே கேட்டுக்கணும்.

பிடிச்ச சாப்பாடு? – மாணவி, தெலுக் இந்தான்

சுடுசோறு, ரசம், நெத்திலி சம்பல். மழை பேஞ்சா வெட்டு இல்லாத நாளு, அம்மா வீட்டுல இருப்பாங்க, அன்னைக்கு இதுதான் செய்வாங்க. எனக்கு மழைன்னாலே அந்த வாசனைதான்.

உங்க எழுத்துல கித்தா, பெரட்டு, கிராணின்னு பிறமொழிச் சொல் அதிகமா இருக்கே. நல்ல தமிழ்ல எழுதக்கூடாதா? தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புரியுமா? – வாசகர், பினாங்கு

ரப்பருக்கு நாங்க சொல்ற கித்தா மலாய்லருந்து வந்தது, கிராணி மலாய்லயும் இருக்கு, பெரட்டு இங்கிலீஷ்காரன் சொன்ன பரேடு. காண்டா இருக்கே, நாசி கண்டார்ல இருக்கற அதே கண்டார்தான், தோள்ல கட்டைய வெச்சு ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்கறது. உங்க பினாங்குல சோத்தத் தூக்கினாங்க, எங்க தோட்டத்துல பாலத் தூக்கினோம். இந்த ஒரு சொல்லுக்குள்ள துறைமுகத்து மாமாக்கடைக்காரரும் எங்கப்பாவும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க. அத எடுத்துட்டு "தோள்சுமைக் கழி"ன்னு போட்டா சொல்லு சுத்தமா இருக்கும், எங்கப்பா அதுல இருக்கமாட்டாரு.

தூய தமிழ் மேல எனக்கு மரியாதை உண்டு, நம்ம நாட்டுல வாட்ஸ்அப்ப புலனம், செல்போன கைப்பேசின்னு சாதாரண ஜனங்களே சொல்றோம், எனக்கு அது பெருமைதான். புதுசா வர்ற பொருளுக்கு புதுத் தமிழ் பேரு வெக்கலாம். ஆனா செத்துப்போனவங்க வாயில இருந்த சொல்ல நான் மாத்த மாட்டேன், எனக்கு அந்த உரிமை இல்ல.

புத்தகத்துக்குப் பின்னாடி அருஞ்சொல் பட்டியல் போடச் சொன்னாங்க ஒரு பதிப்பாளர். வேண்டாம்னுட்டேன். தஞ்சாவூர்க்காரங்க கதையில வர்ற வயக்காட்டுச் சொல்லெல்லாம் பட்டியல் இல்லாமத்தானே சுங்கை சிப்புட்டுல உக்காந்து நான் புரிஞ்சிக்கிட்டேன். பத்து பக்கம் படிச்சா கித்தான்னா என்னான்னு யாருக்கும் வெளங்கிரும்.

புத்தகம் எழுதி சம்பாதிக்க முடியுதா? உண்மையச் சொல்லுங்க. – இளம் எழுத்தாளர், சிரம்பான்

முடியல தம்பி. ஐநூறு பிரதி அடிக்கறேன், அதுவும் கடையில தீபாவளிக்குத் தைக்கற காசுல. அச்சடிச்சு வந்தா வெளியீட்டு விழா, கல்யாணம் மாதிரிதான், மண்டபம், மாலை, வந்தவங்களுக்கு மீகூன், மொத புத்தகத்த வாங்கறதுக்கு ஒரு பெரிய மனுசரு, அவரு கவர்ல வெச்சுக் குடுக்கறதுலதான் பாதி அச்சுக்கூலி வெளிய வரும். மத்தவங்களும் கவர் குடுத்து புத்தகம் வாங்கிக்குவாங்க, இருவத்தஞ்சு வெள்ளி (ரிங்கிட்) புத்தகத்துக்கு அம்பது வைக்கறவங்களும் உண்டு, அந்த நல்ல மனசாலதான் இந்த நாட்டுல தமிழ்ப் புத்தகம் வந்துக்கிட்டு இருக்கு. நான் அத குறையாவே சொல்லமாட்டேன். என் வருத்தம் வேற. அன்னைக்கு வாங்கிட்டுப் போன முந்நூறு பேருல எத்தனை பேரு பிரிச்சுப் பாத்தாங்க? ஒரு தடவை ஒரு வியாபாரி மூணாவது நாவல்ல நூறு பிரதிய வித்துத் தரேன்னு எடுத்துட்டுப் போனாரு, ரெண்டு வருஷம் கழிச்சு போயி கேட்டா பொட்டி கட்டு பிரிக்காம அப்படியே ஸ்டோர்ல இருந்துச்சு, கீழ இருந்த முப்பது பிரதி கரையான் அரிச்சு. காசு போனதுகூட இல்ல, பிரிக்கலையேன்னுதான் அழுகை வந்துச்சு.

அதனால இப்ப நானே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் தூக்கிட்டுப் போறேன். மேசை போட்டு ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்டுவேன், சிரிக்கற எடத்த எடுத்து வாசிப்பேன், சிரிச்சவங்க வாங்குவாங்க, வாங்கினவங்க படிப்பாங்க. நீயும் தைரியமா எழுது, ஆனா வேலைய விட்டுடாத.

எங்க தோட்டத்த வித்து வீடு கட்டிட்டாங்க. எனக்கு அப்ப நாலு வயசு. ஒண்ணுமே ஞாபகம் இல்ல. தோட்டத்தப் பத்தி எழுத எனக்குத் தகுதி இருக்கா அக்கா? – பல்கலைக்கழக மாணவி, கோலாலம்பூர்

இருக்குமா. பாட்டி உயிரோட இருக்காங்கன்னா இந்த லீவுலயே போயி உக்காரு. "கஷ்டப்பட்டீங்களா பாட்டி"ன்னு மட்டும் கேக்காத, ஆமாம்மான்னு ஒரு வார்த்தையில முடிச்சிருவாங்க. கையில என்ன இருந்துச்சுன்னு கேளு. வேலைக்குப் போகும்போது என்னென்ன எடுத்துட்டுப் போனீங்க, எத எதுல கட்டினீங்க, பால் பட்ட துணிய எப்படி தொவைச்சீங்க, ஒட்டுப்பால் நாத்தம் கையில எத்தனை நாள் இருக்கும், திடல்ல படம் காட்டினா யாரு பாய் விரிச்சு எடம் பிடிப்பா. அப்புறம் கடைசியா, யாருக்கு என்ன பட்டப்பேருன்னு கேளு. அப்ப பாரு அவங்க முகத்த.

முடிஞ்சா கோலகங்சாருக்கு ஒரு தடவை போயிட்டு வா. மாவட்ட அலுவலகம் பக்கத்துல வேலி போட்டு ஒரு பால் மரம் நிக்குது, 1877ல இந்த நாட்டுக்கு வந்த கன்னுங்கள்ல மிஞ்சினது. அந்தக் கன்னுங்க வந்ததுனாலதான் பின்னாடி கப்பல் கப்பலா நம்மாளுங்கள ஏத்திட்டு வந்தாங்க. நான் மொத தடவை போனப்ப கிட்ட போயி பட்டைய தடவிப் பாக்கணும்னு இருந்துச்சு, வேலி விடல.

அடுத்த நாவல் எதப் பத்தி? – வாசகி, சுங்கை பட்டாணி

ஒரு பங்குப் பத்திரத்தப் பத்தி. அம்பதுகள்லயும் அதுக்கு அப்புறமும் வெள்ளைக்காரங்க தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டுப் போனாங்க, வாங்கினவன் ஆள வெளிய போன்னான், லயமும் போச்சு, வேலையும் போச்சு. அப்பதான் மந்திரியா இருந்த எங்க ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா ஏறி எறங்கி, பாட்டாளிங்கிட்டயே காசு சேத்து தோட்டத்த வாங்கலாம்னு பேசினாரு. எங்கம்மாவும் வயித்தக் கட்டி வாயக் கட்டி பங்கு வாங்கிச்சு. அந்தப் பத்திரத்த டிரங்குப் பொட்டியில பட்டுச்சேலைக்கு அடியில வெச்சிருந்து தீபாவளிக்கு தீபாவளி வெளிய எடுத்துக் காட்டும், "நம்மகிட்டயும் நெலம் இருக்குடி"ன்னு. எவ்வளவு நெலம்னு கேட்டா ரெண்டு கையையும் சேத்து காட்டும், இந்த அளவுன்னு, அப்புறம் அதுவே விழுந்து விழுந்து சிரிக்கும்.

நாவல் பாதி வந்திருக்கு. கூட்டத்துக்கு வந்து பேசற காட்சிக்கு எனக்கு இன்னும் நாப்பது பேரு வேணும், எல்லாரும் பட்டப்பேரோட. எங்க தோட்டத்துப் பேரெல்லாம் முந்தின நாவல்லயே தீந்து போச்சு. உங்க தோட்டத்துல யாருக்கு என்ன பேரு, அது எப்படி வந்துச்சுன்னு ரெண்டு வரி பத்திரிகைக்கு எழுதிப் போடுங்க. பட்டப்பேரு மட்டும் போதும், சொந்தப் பேரு வேண்டாம்.